திட்டு யார் மேல் விழுகிறது: டப்பிங் வசனம் எழுத வருகிறவர்களுக்கு

இந்தித் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது லிப் சிங்க் பற்றித்தான், அதாவது நடிகரின் உதட்டசைவுக்கு வசனத்தைப் பொருத்துவது. அது கை பழகினால் வந்துவிடும். பழகினாலும் தகராறு கொடுப்பது திட்டு. மும்பை அந்தேரி ஸ்டூடியோக்களில் ஒரே ஒரு வசைச்சொல்லை வைப்பதா எடுப்பதா என்று ஒலிப்பதிவு பூத்துக்கு வெளியே நடக்கும் வாக்குவாதத்தில் டீ ஆறிப்போகும். அதனால் இங்கே திட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சயான் கோலிவாடாவில் வளர்ந்தவள் நான். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், படிக்கட்டில் மராத்தி, தெருவில் பம்பாய் இந்தி. மூன்றிலும் வாங்கிக் கட்டிக்கொண்ட தகுதி எனக்கு உண்டு.

முதலில் எபிசோடை ஒரு தடவை ஒலியோடும் ஒரு தடவை ஒலி இல்லாமலும் பாருங்கள். திட்டு வரும் இடத்தையெல்லாம் குறித்து, யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், உதடு தெரிகிறதா என்று எழுதுங்கள். முதுகு ஷாட்டாக இருந்தால் உங்களுக்கு முழுச் சுதந்திரம், நீளம் மட்டும் பொருந்தினால் போதும். அப்புறம் இன்னொரு கட்டம் போடுங்கள். இந்தச் சொல் காட்சியில் இல்லாத வேறு யார் மேலாவது போய் விழுகிறதா? இந்தக் கட்டத்தை நிரப்பத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

‘குத்தே’ என்றால் ‘நாயே’. வாங்குகிறவனோடு போச்சு. ‘சாலா’வை மட்டும் உறவுமுறையாக மாற்றிவிடாதீர்கள். அங்கே மனைவியின் தம்பி திட்டு, நம்மூரில் மச்சான் செல்லம். ‘சாலா’வில் உதடு ஒட்டாது, அதனால் ‘தடியா’ கச்சிதமாக உட்காரும். ‘பாகல்’ என்றால் உதடு ஒட்டும், எல்லோரும் யோசிக்காமல் ‘பைத்தியம்’ போடுவார்கள். காதலி கொஞ்சலாகச் சொன்னால் நான் ‘போடா லூசு’ என்று விட்டுவிடுவேன், யாருக்கும் காயமில்லை. ஆனால் இந்தியில் ‘தாணேக்கு அனுப்பணும்’ என்று வந்தால், உடனே ‘கீழ்ப்பாக்கம்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். இரண்டுமே மனநல மருத்துவமனையை வைத்துச் சொல்லும் கேலி. அங்கே மாத்திரை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவரும் வீட்டில் உட்கார்ந்து இதைப் பார்ப்பார். வெட்டிவிடுங்கள். ‘உனக்கு என்னடா ஆச்சு’ என்றாலே காட்சி ஓடும்.

உடலைக் குறிக்கும் திட்டுகளில் சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உடற்குறை உள்ளவர்களைத் திரையில் காட்டுவது பற்றி வழிகாட்டுதல் தந்தது. அவர்கள் வாழ்க்கையைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, அவர்களைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு என்று பிரித்துச் சொன்னது. இதைக் கேள்விப்பட்டதும் புதியவர்கள் செய்யும் காரியம் ஒன்று உண்டு. ‘லங்டே’ (நொண்டி) என்று வரும் இடத்திலெல்லாம் ‘மாற்றுத்திறனாளி’ என்று போட்டுவிடுவார்கள். ரவுடி ஒருவன் ‘ஏய் மாற்றுத்திறனாளி, நில்லுடா’ என்று கத்தினால் தியேட்டரே சிரிக்கும். 2010-இல் தமிழ்நாட்டில் ஒரு துறைக்கே பெயராக வைத்த மரியாதைச் சொல் கேலிச்சொல்லாகிவிடும். ‘ஊனமுற்றோர்’ என்பதும் ஒரு காலத்தில் மரியாதைக்காகப் புழங்கியதுதான். வில்லன் வாயில் மரியாதைச் சொல்லைத் திணிக்காதீர்கள். காலைப் பற்றிய பேச்சு கதைக்குத் தேவையா என்று பாருங்கள். தேவையில்லை என்றால் ‘ஆமை மாதிரி வராதே’ என்று வேகத்தைத் திட்டலாம். அவனுடைய கொடூரத்தைக் காட்டத்தான் அந்தக் காட்சியே என்றால் ‘நொண்டி’ இருக்கட்டும், ஆனால் பக்கத்தில் நிற்கும் நல்லவன் அதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது.

திருநங்கைகளை இழிவாகச் சொல்லும் ‘சக்கா’ வந்தால் இன்னும் கவனம். இந்தியில் ஆறு, தமிழில் ஒன்பது. எந்தப் புண்ணியவான் எண்ணிக் கொடுத்தானோ! கோழை என்ற பொருளில் வந்தால் ‘தொடைநடுங்கி’ என்று முடித்துவிடுங்கள், திருநங்கைகளை நடுவில் இழுக்க வேலையில்லை. உண்மையிலேயே ஒரு திருநங்கையை அவமதிக்கும் காட்சி என்றால் தமிழில் நம் கையில் வேறு ஆயுதம் இருக்கிறது. ‘அவ வர்றா’ என்பதை ‘அது வருது’ என்று ஆக்குங்கள். ஒரு வசைச்சொல்லும் இல்லை, அவமானம் முழுசாக இறங்கிவிடும். மரியாதையான பெயர்களுக்கு, 2022-இல் தமிழ்நாடு அரசிதழில் வந்த பாலினச் சொற்பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே உத்திதான் சாதிக் காட்சிகளுக்கும். உத்தரப் பிரதேசத்து ஜமீன்தார் ஒருவர் கூலிக்காரரை ‘சமார்’ என்று அவர் சாதிப் பெயரால் விளிக்கிறார் என்று வையுங்கள். தமிழ் ரசிகருக்கு அது புரியாது என்று சொல்லி, நம்மூர்ச் சாதிப் பெயர் ஒன்றை அங்கே வைக்கச் சொல்வார்கள். எவ்வளவு வற்புறுத்தினாலும் செய்யாதீர்கள். கதை நடப்பது உத்தரப் பிரதேசத்தில், அடி விழுவது தாராவியிலோ திருநெல்வேலியிலோ இருக்கிற ஒருவர் மேல். டெல்லியில் நடந்த ஒரு வழக்கில், இதே சொல்லைப் பற்றி 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது பயன்படும்: சொல்லின் மூலப்பொருளைப் பார்க்காதே, இன்று மக்கள் எந்தப் பொருளில் புழங்குகிறார்கள் என்று பார். ‘அது சாதிப் பெயர்தானே மேடம், எஸ்.சி. பட்டியலிலேயே இருக்கே’ என்று வாதாட வருகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

சரி, அந்தக் காட்சியை எப்படி எழுதுவது? கதையே சாதியைப் பற்றியது என்றால் மூலத்தில் உள்ள சொல்லை அப்படியே வைத்து, முன்காட்சியில் ஒரு வரியில் பொருள் விளங்கச் செய்யலாம். இல்லையென்றால் வினைமுற்றை வைத்து அடியுங்கள். இருபது வயதுப் பையன் நரைத்த தலைக்காரரைப் பார்த்து ‘ஏலே, இங்க வாலே’ என்கிறான், அவர் ‘வர்றேன் சின்னய்யா’ என்கிறார். தமிழில் பிறந்த எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இந்தியில் ‘தூ’, ‘தும்’, ‘ஆப்’ என்று மூன்று படியில் முடிவதற்கு நமக்கு வாடா, வாய்யா, வாப்பா, வாங்க என்று நீளமான ஏணி இருக்கிறது. எந்தப் படியில் யாரை நிறுத்துகிறோம் என்பதில் எல்லாம் சொல்லிவிடலாம். சாதிப் பெயரைக் கேட்டு வாங்குகிறவர்களில் பலர் இந்த ஏணியைப் பயன்படுத்தத் தெரியாதவர்கள் என்பது என் எண்ணம்.

‘சண்டாளா’ என்பது வேறு தினுசு. எங்கள் அம்மா பால் பொங்கி வழிந்தால்கூட ‘சண்டாளி’ என்று தன்னையே திட்டிக்கொள்வார். பழைய வசனங்களில் அது சர்வசாதாரணம். ஆனால் தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் அந்தப் பெயரும் இருக்கிறது. அதை வசையாகவோ கேலியாகவோ பயன்படுத்தக் கூடாது என்று 2024 ஜூலையில் மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் அறிவித்தது. அம்மாவை நான் திருத்தவில்லை. ஸ்கிரிப்டில் ‘பாவி’ என்று மாற்றிவிடுகிறேன்.

மும்பைக்காரர்களுக்கென்று தனியாக ஒரு பள்ளம் உண்டு, அது ‘காலனி’. நமக்கு அது ரயில்வே காலனி, பேங்க் காலனி. வாடகை ஏறும் முகவரி. தமிழ்நாட்டுக் கிராமத்தில் அது பெரும்பாலும் ஊரைத் தள்ளி ஒதுக்கப்பட்ட தெரு. அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சரே சட்டமன்றத்தில் அறிவித்தார். ‘அவன் காலனிப் பையன்’ என்று இந்தி மூலத்தில் சாதாரணமாக வருவதைத் தமிழில் அப்படியே எழுதினால், மதுரையில் பார்ப்பவருக்கு வேறு கதையே புரியும். ‘நம்ம சொசைட்டிப் பையன்’ என்று எழுதுங்கள்.

பழைய காலக் கதை என்றால் அந்தக் காலத்துச் சொல்லே வேண்டும், ஆனால் யார் வாயில் என்பது முக்கியம். காந்தி 1933-இல் ‘ஹரிஜன்’ இதழைத் தொடங்கினார். 1938-இல் பம்பாய்ச் சட்டசபையில் ஒரு மசோதாவில் அந்தச் சொல்லைச் சேர்த்ததை எதிர்த்து அம்பேத்கர் கட்சியினர் வெளிநடப்பு செய்தார்கள். ஆகவே அந்த ஆண்டில் நடக்கும் காட்சியில் காங்கிரஸ்காரர் ‘ஹரிஜன்’ என்பார், அம்பேத்கர் தொண்டர் சொல்லவே மாட்டார். இருவருக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் அரசியலே காணாமல் போகும்.

‘மதராசி’யை ‘தமிழன்’ என்று மிருதுவாக்காதீர்கள். லுங்கியைக் கேலி செய்து கோஷம் போட்ட அறுபதுகளைப் பார்த்த தாத்தாக்கள் இன்னும் மாட்டுங்காவில் இருக்கிறார்கள், அந்தக் குத்து குத்தாகவே இருக்கட்டும். எதிர்ப்பக்கமும் அப்படித்தான். மும்பையில் வட இந்தியரை ‘பய்யா’ என்பது சில வாய்களில் இளக்காரம், அதைக் காட்சியில் கேட்டுப் பிரித்தறியுங்கள். அண்ணன் என்ற பொருளில் வரும் ‘பய்யா’வுக்கு ‘அண்ணே’ போடலாம். ஆனால் இளக்காரமே இல்லாத இடத்தில் ‘வடக்கன்’ என்று நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

கடைசியாக ரெக்கார்டிங். சந்தேகமான ஒவ்வொரு திட்டுக்கும் ஆர்ட்டிஸ்ட் பூத்தில் இருக்கும்போதே மாற்று டேக் ஒன்று எடுத்துவிடுங்கள். பின்னால் கூப்பிட்டால் சம்பளம் யார் தருவது என்று சண்டை வரும். க்ரவுட் வாய்ஸ் எடுக்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கூட்டம் கத்துகிற காட்சியில் எழுதிக் கொடுக்காததையெல்லாம் உற்சாகத்தில் பேசிவிடுவார்கள், நீங்கள் பார்த்துப் பார்த்து எடுத்த சொல் அங்கே பின்னணியில் கேட்கும். சப்டைட்டில் எழுதுவது பெரும்பாலும் வேறொருவர். உங்கள் மாற்றப் பட்டியலை அவருக்கும் அன்றே அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் காதில் ‘பாவி’ விழும்போது திரையின் அடியில் ‘சண்டாளா’ என்று ஓடும்.