டிஸ்க் ஏன் பின்னால் போய் விழுந்தது?

எங்கள் ஆட்டம் அல்டிமேட் ஃபிரிஸ்பீ: தட்டு மாதிரியான டிஸ்க்கை ஓடும் சக வீரருக்கு எறிந்து ஆடும் குழு விளையாட்டு. பயிற்சியில் கைக்கே போகும் டிஸ்க், ஆட்டத்தில் மட்டும் ஓடுபவரின் முதுகுக்குப் பின்னால் விழுந்துகொண்டிருந்தது. எல்லோரும் எறிபவரைத்தான் திட்டினார்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் கோளாறு வேறு: கட் அடிப்பவர், அதாவது டிஸ்க்கை வாங்கத் திசைமாறி ஓடுபவர், சட்டென்று வெட்டாமல் வளைந்து திரும்பினார். அவர் எங்கே வரப்போகிறார் என்பது எறிபவருக்குக் கடைசிவரை தெரியாது. தடுப்பவருக்கோ தாராளமாக நேரம்.

சரி என்று, முதலில் டிஸ்க்கையே ஓரம் வைத்தேன். கூம்பை நோக்கி முழு வேகத்தில் ஓட்டம். நெருங்கியதும் அடிகளைச் சிறிதாக்கி, இடுப்பைத் தாழ்த்தி, போகவேண்டிய திசைக்கு எதிர்ப்பக்கக் காலை ஊன்றித் தள்ள வேண்டும். புல்லைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: ஒரே இடத்தில் நசுங்கியிருந்தால் நல்ல வெட்டு, தடம் வில் மாதிரி வளைந்திருந்தால் மறுபடியும் ஓட்டம். முணுமுணுப்பு இருந்தது, பரவாயில்லை.

அப்புறம்தான் எறிதல். கால் ஊன்றியவுடனேயே எறியத் தயாராக வேண்டும். குறி ஆள் அல்ல, ஆளுக்கு முன்னால் உள்ள காலி இடம். ஃபோர்ஹேண்ட் (எறியும் கையின் பக்கமாகவே எறிவது) தள்ளாடியவர்களிடம் முழங்கையை உடம்பருகே வைத்து மணிக்கட்டைச் சொடுக்கச் சொன்னேன். 175 கிராம் டிஸ்க்குக்குத் தோள் பலத்தைவிடச் சுழற்சிதான் முக்கியம்.

இது பிடிபட்டதும் எறிபவர் முன்னால் ஒருவரைத் தடுக்க நிறுத்தினேன். விதிப்படி தடுப்பவர் 10 எண்ணுவதற்குள் எறிய வேண்டும். நான் 5-இலிருந்தே எண்ணவைத்தேன். முதல் கட் மூடிப்போனால் தயங்காமல் விலகி ஓடி, அடுத்தவருக்கு இடம் விடும் பழக்கம் அதில்தான் வந்தது. எதிர்க்காற்றில் மட்டும் டிஸ்க் இன்னும் மேலே எழும்புகிறது. இப்போது அதற்குத்தான் தாழ்வாக எறியும் பயிற்சி.