இன்வெர்ட்டர் பாதி இரவில் கைவிட்டபோது

மின்சாரம் போனால் எங்கள் இன்வெர்ட்டர் சீக்கிரமே கூவ ஆரம்பித்துவிடும். புது பேட்டரிதான் வழி என்றார் பார்க்க வந்தவர். எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதலில் பேட்டரியின் முனைகளைப் பார்த்தேன். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. இன்வெர்ட்டரை அணைத்து, பிளக்கை எடுத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, நெகட்டிவ் வயரை முதலில் கழற்றினேன். சமையல் சோடா கரைத்த தண்ணீரைத் தொட்டுத் தேய்த்ததும் நுரைத்துக்கொண்டு போய்விட்டது. (அது பேட்டரியின் செல்லுக்குள், அதாவது அமிலம் இருக்கும் அறைக்குள், இறங்கவே கூடாது.) துடைத்துக் காயவைத்து, பாசிட்டிவை முதலில் மாட்டி, அப்புறம் நெகட்டிவ், மேலே வாசலின். நீர்மட்டம் காட்டும் மிதவை இறங்கியிருந்த செல்களுக்கு டிஸ்டில்டு வாட்டர்.

சரி, ஆனால் பெரிய வித்தியாசம் கணக்குப் போட்ட பிறகுதான் வந்தது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் காகிதத்தில் 1800 வாட்-மணி. ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இழுக்காமல் இருந்தால் ஆயுள் நீளும். ஆக, 900. இன்வெர்ட்டரிலேயே கொஞ்சம் வீணாகும். பழைய மின்விசிறி ஒவ்வொன்றும் 75 வாட் தின்றது. பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) விசிறிக்கு 30 வாட் போதும். படுக்கையறை விசிறிகள் இரண்டையும் மாற்றினேன். டிவியை இன்வெர்ட்டர் இணைப்பிலிருந்தே எடுத்துவிட்டேன். வீட்டில் முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை. ரௌட்டரும் ஒரு எல்இடி விளக்கும் சேர்ந்தாலும் 20 வாட்டைத் தாண்டாது, அவை இருக்கட்டும் என்று விட்டேன். இப்போது விடியும்வரை ஓடுகிறது.

சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால், பேட்டரியை மூடிய அலமாரியிலிருந்து காற்றோட்டமான மூலைக்கு மாற்றியாயிற்று.