மேசையைப் படம் எடுப்பதற்கு முன்

கணினி மேசையைப் பார்த்துப் பார்த்து அடுக்கிப் படம் எடுத்தால், திரை வெள்ளைத் தகடாகவும் மற்றதெல்லாம் இருட்டாகவும் விழும். மானிட்டரின் வெளிச்சத்தை அறை வெளிச்சத்துக்கு இணையாகும்வரை குறையுங்கள். போன் கேமராவில் திரை தெரியும் இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால், பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் (படத்தின் வெளிச்ச அளவு) அங்கேயே பூட்டிக்கொள்ளும். பகலில் ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றனவா? நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால், கேமராவின் ஷட்டர் வேகத்தை (ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/60 நொடிக்கு மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் மறைந்துவிடும்.

ஒயர்களுக்கு ஒரே வழி: பவர் ஸ்ட்ரிப்பை மேசையின் அடிப்பக்கத்தில் திருகிவிடுங்கள். தரைக்கு ஒரு ஒயர்தான் இறங்கும். எனக்கு இதைவிடப் பெரிய மாற்றத்தை வேறெதுவும் தரவில்லை.

பகிருமுன் படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். ஒட்டுத்தாளில் பாஸ்வேர்டு, திறந்திருக்கும் மின்னஞ்சல், பார்சல் பெட்டியில் வீட்டு முகவரி, கண்ணாடியில் தெரியும் குழந்தையின் முகம்... இவற்றைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள்.

படத்தைப் பகிரும்போது கூடவே மேசையின் ஆழத்தையும் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை) எழுதுங்கள். திரை ஒரு கை நீளத்துக்கு அப்பால் இருக்க வேண்டும்; அதனால் 60 செ.மீ. ஆழமுள்ள மேசையில் 27 அங்குல மானிட்டரை வைக்க நினைப்பவருக்கு அந்த அளவுதான் முதலில் தேவை.