சென்சாரை மாற்றுமுன் பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்கள்

குன்னூரில் பட்டறை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒருவர் வண்டியோடு வந்தார். டேங்க் பிரஷர் சென்சாரை வேறு இடத்தில் இரண்டு முறை மாற்றியாயிற்று, செக் என்ஜின் விளக்கு மட்டும் திரும்பத் திரும்ப எரிகிறது. ஸ்கேனரில் பி0451, அதாவது டேங்க் அழுத்த அளவு சரியில்லை என்ற பிழைக் கோட். "மேட்டுப்பாளையம் இறங்கும்போதுதாண்ணே வருது" என்றார். பாதி வேலை அங்கேயே முடிந்தது.

இந்த சென்சார், டேங்குக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளிக்காற்றோடு ஒப்பிட்டுச் சொல்லும். அதனால் முதல் சோதனைக்குச் செலவே இல்லை. என்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, பெட்ரோல் மூடியைத் திறந்து வைத்து, ஸ்கேனரில் அழுத்தத்தைப் பாருங்கள். உள்ளும் வெளியும் ஒன்றாகிவிட்டதால் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். நிற்கவில்லையா, சென்சாரோ வயரிங்கோ கெட்டிருக்கிறது. திறந்தால் பூஜ்யம், மூடி ஓட்டினால் தாறுமாறு என்றால் சென்சாரைத் திட்டாதீர்கள். அது உள்ளதைத்தான் சொல்கிறது.

பி0452 (சிக்னல் மிகக் குறைவு), பி0453 (சிக்னல் மிக அதிகம்) வந்தால் சென்சாரின் கனெக்டருக்குப் போங்கள். பல வண்டிகளில் பின் சீட்டுக்கு அடியில், டேங்கின் மேலேயே இருக்கும். மூன்று வயர். கனெக்டரைக் கழற்றி ஒன்றில் 5 வோல்ட் வருகிறதா, இன்னொன்றில் எர்த் சரியா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். மூன்றாவது சிக்னல், கனெக்டரைத் திரும்ப மாட்டிவிட்டு, பின்பக்கமாக மெல்லிய ஊசி விட்டுப் பார்க்க வேண்டும். வயரின் தோலைக் குத்தாதீர்கள். எங்கள் ஊர் ஈரத்தில் அந்த ஓட்டை வழியாகவே செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு பூத்துவிடும். இங்கே நான் பார்க்கும் கோளாறில் பெரும்பகுதி அந்தப் பச்சைதான், மீதி எலி. எல்லாம் திறந்தவெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி பக்கத்தில் பீடி வேண்டாம்.

சரி, அந்த வண்டிக்கு வருவோம். மூடி திறந்ததும் பூஜ்யம். திறக்கும்போதே காற்றை 'புஸ்' என்று உள்ளே இழுத்தது. பங்கில் நாசில் அடிக்கடி டக்கென்று நிற்கிறதா என்று கேட்டேன், ஆமாம் என்றார். டேங்கின் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாதான் கேனிஸ்டர். அதற்குக் காற்று போகும் வென்ட் குழாயைக் கழற்றினேன். உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர். மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 325. இறங்க இறங்க வெளியழுத்தம் கூடுகிறது, டேங்குக்குள் காற்று போக வழியில்லை. சென்சார் கத்தாமல் என்ன செய்யும்?

குழாயைச் சுத்தம் செய்து ஸ்கேனரில் பிழைக் கோட்-ஐ அழித்ததும் சரியாகிவிட்டது என்று சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். வண்டி தானாகச் செய்யும் சோதனை, பெரும்பாலும் என்ஜின் ஆறிக் கிடந்து கிளம்பும்போதுதான் ஓடும். டேங்க் காலியாகவோ தளும்பவோ இருந்தால் நடக்காது. அரை டேங்க் பெட்ரோலோடு மறுநாள் காலை மலைப்பாதையில் கீழே இருக்கும் பர்லியார் வரை போய்த் திரும்பச் சொன்னேன். விளக்கு எரியவில்லை. கழற்றிப் போட்ட இரண்டு பழைய சென்சார்களையும் டிக்கியில் வைத்திருந்தார். சோதித்தேன், இரண்டும் நன்றாகவே வேலை செய்தன.