உணவுப் படம் எடுத்துப் பிழைக்க நினைக்கிறீர்களா?

உணவுப் படம் எடுப்பதைத் தொழிலாக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எந்த கேமரா வாங்கலாம் என்றுதான். கையில் இருக்கும் கேமராவே ஆரம்பத்துக்குப் போதும். ஒரு 50 மி.மீ. லென்ஸ், ஆடாத ட்ரைபாட், வெள்ளை அட்டை, கறுப்பு அட்டை, அவ்வளவுதான். மிக அருகிலிருந்து படமெடுக்க உதவும் மேக்ரோ லென்ஸையெல்லாம் நாலு வேலைக்குப் பணம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உழைப்பைப் போட வேண்டியது வெளிச்சத்தில். ஒரு கிண்ணம் சூப்பை ஜன்னலோரம் வைத்துச் சுற்றிச் சுற்றி எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் முன்னாலிருந்து விழுந்தால் சூப் வெறும் நிறமாகத்தான் தெரியும். பின்னாலிருந்து வந்தால் மேலே மிதக்கும் எண்ணெய்ப் பொட்டுகள் மின்னும், பின்னணி இருட்டாக இருந்தால் ஆவி எழுவதுகூடத் தெரியும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை வைத்தால் நிழல் தணியும், கறுப்பு அட்டை வைத்தால் அடர்த்தியாகும். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், மஞ்சள் பல்பு 3000-க்குப் பக்கம், இரண்டும் கலந்தால் தட்டின் ஒரு ஓரம் நீலம் தட்டும், இன்னொரு ஓரம் மஞ்சளடிக்கும், எடிட்டிங்கில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

அப்புறம், உணவு உங்களுக்காகக் காத்திருக்காது. கீரை வாடும், சாஸில் ஆடை படியும். அதனால் அதே அளவில் ஒரு மாற்றுத் தட்டை வைத்துக் கோணம், வெளிச்சம், ஃபோகஸ் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, உண்மையான தட்டைக் கடைசியில் கொண்டுவாருங்கள். காய்ந்துபோன இடத்தில் தூரிகையால் லேசாக எண்ணெய் தொட்டு வைக்கலாம், தப்பில்லை. ஆனால் விற்கும் பொருளில் இல்லாததை இருப்பதாகக் காட்டாதீர்கள். அமெரிக்காவில் கேம்ப்பெல் சூப் விளம்பரத்தில், காய்த்துண்டுகள் மேலே தெரிவதற்காகக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டிருந்தார்கள். அது வாடிக்கையாளரை ஏமாற்றுவது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 1970-இல் அதற்குத் தடை போட்டது.

மாதிரிப் படங்கள் 15, 20 இருந்தால் தாராளம். அதில் குறைந்தது ஐந்தாறு படம் ஒரே மெனுவைச் சேர்ந்ததாக, ஒரே வெளிச்சத்தில் எடுத்ததாக இருக்கட்டும். உணவகக்காரருக்கு வேண்டியது ஒரு அபாரமான படம் இல்லை, பத்துத் தட்டும் ஒரே சீராக வருமா என்பதுதான். உணவகம், பாக்கெட் உணவு நிறுவனம், விளம்பர நிறுவனம், சமையல் புத்தகப் பதிப்பகம் என்று யாரிடம் போனாலும், அவர்கள் இப்போது பயன்படுத்தும் படங்களைப் பார்த்துவிட்டு, எதை மாற்றலாம் என்று குறிப்பாக எழுதி அனுப்புங்கள்.

பணம் பேசும்போதுதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். படத்தை எடுத்துத் தருவதற்கு ஒரு விலை, அதைப் பயன்படுத்தும் உரிமைக்கு இன்னொரு விலை. மெனு அட்டையில் போடுவதும், பாக்கெட்டில் அச்சடித்து நாடு முழுக்க விற்பதும் ஒன்றா? எங்கே, எத்தனை காலம், எந்தெந்த நாட்டில் பயன்படுத்தலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். எத்தனை படம், எத்தனை முறை திருத்தம், ரா ஃபைல் (கேமராவில் பதிவான, எடிட் செய்யாத மூல ஃபைல்) தருவீர்களா மாட்டீர்களா, சாமான்களும் உதவியாளரும் யார் செலவு, இதெல்லாமும் அதே தாளில் இருக்கட்டும். பாதித் தொகை முன்பணமாக வந்த பிறகு தேதி குறியுங்கள். படங்களை இரண்டு இடத்தில் காப்பி எடுக்கும்வரை மெமரி கார்டை அழிக்காதீர்கள், மீதித் தொகைக்கான பில்லையும் படங்களோடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.