பாம்புக் குட்டிக்கு எவ்வளவு பெரிய பெட்டி: திருகோணமலை வெயிலுக்கு ஏற்ற கணக்கு

வளர்ப்புப் பாம்பின் குட்டிக்குப் பெட்டி தேடுவோர் பெரும்பாலும் எவ்வளவு சிறிய பெட்டி போதும் என்றே கேட்கிறார்கள். திருகோணமலையில் முதலில் கேட்க வேண்டியது வேறு: கச்சான் காற்று வீசும் மாதங்களின் நண்பகலிலும் ஒரு மூலையாவது குளிர்ச்சியாக இருக்கும் அளவுக்கு அந்தப் பெட்டிக்கு நீளம் உண்டா?

அளவுகளுக்குப் போகுமுன் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். மலைப்பாம்பு, 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு. வளவுக்குள் வந்த அதன் குட்டியைப் பிடித்து வளர்க்க எண்ணாமல் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். கீழே வருபவை அனைத்தும் வளர்ப்பிடத்திலேயே பொரித்து, உரிய அனுமதிப் பத்திரங்களுடன் பெறப்பட்ட கோர்ன் ஸ்நேக், போல் பைதன் போன்ற நஞ்சற்ற இனங்களுக்கே பொருந்தும்.

முதலில் குட்டியின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். அதைப் பிடித்து இழுத்து நீட்டக் கூடாது; பெட்டியின் சுவரோரமாகத் தானாக ஊர்ந்து செல்லும்போது மேலிருந்து ஒரு படம் எடுத்து, அருகில் வைத்த அடிமட்டத்தோடு ஒப்பிட்டு, உடலின் வளைவுகளைப் படத்தின் மேல் ஒரு நூலால் தொடர்ந்தால் போதுமான அளவு சரியான நீளம் கிடைக்கும். கழற்றிய சட்டையை அளந்து பார்ப்பவர்களும் உண்டு, ஆனால் உரியும்போது சட்டை நீண்டுவிடுவதால் அது பாம்பின் உண்மையான நீளத்தைவிடக் கூடுதலாகவே காட்டும்.

பெட்டியின் நீளமும் அகலமும் சேர்ந்து பாம்பின் நீளத்துக்குச் சமமாக இருந்தால் போதும் என்ற பழைய கணக்கு இன்றும் புழக்கத்தில் உள்ளது. அதை நான் ஏற்பதில்லை. பாம்பு தன் உடலை முழுதாக நீட்டிப் படுக்க வேண்டுமானால் பெட்டியின் நீளப் பக்கம் ஒன்றே அதன் உடல் நீளத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அந்த வகையில், 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரையுள்ள கோர்ன் ஸ்நேக் குட்டிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 50 சென்ரிமீற்றர் நீளமும் 25 அல்லது 30 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட பெட்டி, உடல் நீளத்தை மட்டும் பார்த்தால் தாராளமானது. வளர்ந்த பாம்பு 90 முதல் 150 சென்ரிமீற்றர் வரை நீளும் என்பதால், இறுதியில் நான்கு அடி நீளமும் இரண்டு அடி அகலமும் இரண்டு அடி உயரமும் கொண்ட கூடே அதற்குத் தேவைப்படும். நான்கு அடியைத் தாண்டி வளரும் பாம்புக்குக் கூடும் அதற்கேற்ப நீள வேண்டும்.

ஆனால் வெப்பம் இந்தக் கணக்கை மாற்றுகிறது. பாம்பு தன் உடல் வெப்பத்தை இடம் மாறியே சரிசெய்துகொள்ளும். கோர்ன் ஸ்நேக்குக்குச் சூடான முனை ஏறத்தாழ 29 முதல் 31 பாகை செல்சியஸ் வரையிலும், குளிர்ந்த முனை 24 முதல் 26 வரையிலும் இருப்பது நல்லது. குளிர்நாடுகளில் எழுதப்படும் வழிகாட்டிகள் பெட்டியை எப்படிச் சூடாக்குவது என்பதையே விரிவாகச் சொல்கின்றன. இங்கே யூன், யூலை மாதங்களில் சீற் கூரைக்குக் கீழுள்ள அறையே அந்தச் சூடான முனையின் அளவைத் தாண்டிவிடுவதால், ஐம்பது சென்ரிமீற்றர் பெட்டியில் இரு முனைகளும் ஒரே சூட்டுக்கு வந்துவிடுகின்றன. குட்டிக்கு ஒதுங்க இடமே இல்லாமல் போகிறது. 35 பாகைக்கு மேல் வெப்பம் நீடித்தால் அதன் உயிருக்கே ஆபத்து. எனவே இவ்வூரில் தொடக்கத்திலேயே 75 முதல் 90 சென்ரிமீற்றர் வரை நீளமுள்ள பெட்டியை வாங்குங்கள் என்பதே என் பரிந்துரை. வீட்டில் மிகக் குளிர்ந்த அறையில், யன்னல் வெயில் படாத சுவரோரமாக அதை வைத்து, இரு முனைகளிலும் ஒவ்வொரு வெப்பமானியை வைத்து, பகல் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை சில நாட்கள் பார்த்த பின்னரே குட்டியைக் கொண்டுவாருங்கள். குளிர்ந்த முனையும் 30 பாகையைத் தாண்டுமானால் பெட்டியைப் பெரிதாக்குவதால் மட்டும் பயனில்லை. அறையைத்தான் மாற்ற வேண்டும்.

பெரிய பெட்டியில் விட்டால் குட்டி பயந்து இரை எடுக்காது என்ற கருத்து பரவலாக உள்ளது. குட்டியை அச்சுறுத்துவது இடத்தின் அளவைவிட அதன் வெறுமையே. உடல் சுருண்டு சுவர்களைத் தொடும்படியான இறுக்கமான ஒளிவிடம் ஒவ்வொரு முனையிலும் ஒன்று இருக்க வேண்டும். கவிழ்த்து வைத்து நுழைவாயில் வெட்டிய பாதிச் சிரட்டை, விளிம்பு நன்றாகத் தேய்க்கப்பட்டிருந்தால், இதற்கு மிகவும் பொருந்தும். இடைப்பட்ட தரையைச் சருகும் மரப்பட்டையும் நிரப்பினால், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குட்டி மறைவாகவே சென்றுவரும்.

பெட்டி பெரிதாகும்போது மூடியில் கவனம் கூட வேண்டும். குட்டியின் தலை நுழையும் இடைவெளியால் உடலும் நுழைந்துவிடும். பென்சில் பருமனுள்ள இடுக்குகூட இருக்கக் கூடாது. உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோரங்களில் இரும்பு வலை விரைவில் துருப்பிடித்து இற்றுப்போவதால் துருப்பிடிக்காத எஃகு வலையையே பயன்படுத்துங்கள். ஒட்டுப்பலகைப் பெட்டியாயின் மாரி மழைக்கு முன்பே உட்புறம் பூச்சுப் பூசி, அதன் மணம் முற்றாக நீங்கும்வரை வெறுமையாக வைத்திருக்க வேண்டும்.

பாம்பின் நீளம் பெட்டியின் நீளப் பக்கத்தை எட்டுமுன்பே அடுத்த பெட்டியை ஆயத்தப்படுத்திவிடுங்கள். மாற்றிய பின் ஒரு வாரம் கையில் எடுக்காமல் விட்டு, அதன் பின்னரே இரை கொடுங்கள். மறுத்தால் பழைய சிறிய பெட்டிக்குத் திருப்பாமல் மறைவிடங்களைக் கூட்டிப் பாருங்கள். அப்போதும் உண்ணாமல் மெலிந்துவந்தால் மிருக வைத்தியரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள்.