முதிராத கருமுட்டையை ஆய்வகத்தில் முதிரவைக்கும் முறை

சினைப்பையில் எல்எச் என்ற ஹார்மோன் உச்சம் தொட்டாலும் அது கருமுட்டையை நேரடியாகத் தூண்டுவதில்லை. முட்டை வளரும் சிறு பையான நுண்ணறையின் சுவரிலுள்ள கிரானுலோசா செல்கள் அதை ஏற்று ஆம்ஃபிரெகுலின், எபிரெகுலின் என்ற வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கின்றன. அவை முட்டையைச் சூழ்ந்துள்ள குமுலஸ் செல்களைத் தூண்டிய பிறகே முட்டை விழித்து முதிரத் தொடங்குகிறது. ஆய்வகத்தில் நாம் செய்வதும் இதே வரிசைதான்.

2 முதல் 10 மில்லிமீட்டர் நுண்ணறைகளிலிருந்து எடுத்தவற்றில் குமுலஸ் உறை கலையாத முட்டைகளைப் பிரித்தெடுங்கள். உறையை இப்போதே உரிப்பது பெரிய தவறு. முட்டை சுரக்கும் ஜிடிஎஃப்9, பிஎம்பி15 என்ற இரு புரதங்களும் குமுலஸ் செல்களைப் பேணுகின்றன. அச்செல்கள் பதிலுக்குப் பைருவேட் என்ற ஆற்றல் உணவை ஊட்டுகின்றன. உறை போனால் வளர்ப்புத் திரவமான ஊடகத்தில் எந்தக் காரணியைச் சேர்த்தாலும் பெரும்பாலும் வீண்.

ஊடகத்தில் எஃப்எஸ்எச், எச்சிஜி என்ற ஹார்மோன்கள், அல்புமின் என்ற புரதம் ஆகியவற்றுடன் மில்லிலிட்டருக்குச் சுமார் 10 நானோகிராம் இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி போதும். எண்ணெய்க்கு அடியில் துளிகளாக வைத்து, முந்தைய இரவே இன்குபேட்டரில் சமநிலைப்படுத்துங்கள்: 37 டிகிரி செல்சியஸ், 6 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, பிஎச் 7.2 முதல் 7.4.

உட்கரு வேகமாக முதிரும், சைட்டோபிளாசம் பின்தங்கும். கருவின் தரம் குறைய முக்கியக் காரணம் இதுவே. அதனால் முட்டை முதிர்வதைத் தடுத்துவைக்கும் சி-வகை நேட்ரியூரெட்டிக் பெப்டைடு உள்ள ஊடகத்தில் முதலில் 24 மணி நேரம் முட்டையை உறங்கவைப்பது நல்லது.

முதிர்வு ஊடகத்தில் 30 மணி நேரம் ஆனதும் குமுலஸ் செல்களைப் பிரிக்கும் ஹையலுரோனிடேஸ் என்ற நொதியில் அரை நிமிடம் மட்டும் வைத்து உறையை நீக்குங்கள். முதிரும்போது முட்டை பிரிந்து வெளித்தள்ளும் சிறு செல்லான முதல் துருவ உடல் தெரிந்தால் முட்டை தயார். சூடான மேடையிலேயே பாருங்கள்; குளிர்ந்தால் குரோமோசோம்களைத் தாங்கும் கதிர்க்கோல் இழைகள் சிதையும்.